ஆயுளுக்கும் ஒரே ஒரு தடவை

போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணி வாக்கில், என்னிடம் கணக்குப் படித்த பையன் ஒருவன் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து போன் பண்ணினான். “சார், அஞ்சு நாளும் தாண்டிட்டேன் சார். ரெக்கமண்ட் ஆயிட்டேன். கடைசியில மெஷின்ல போயிருச்சு.” அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, “சாப்டியாப்பா” என்றுதான் கேட்டேன்.

அவன் போயிருந்தது விமானப்படையில் பைலட் அதிகாரி ஆவதற்கான தேர்வுக்கு. விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏஎஃப்கேட் என்று ஒரு எழுத்துத் தேர்வு: 100 கேள்வி, 300 மதிப்பெண், 2 மணி நேரம், சரியென்றால் 3, தப்பென்றால் ஒன்று கழியும், எல்லாம் ஆங்கிலத்தில். வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும். இதில் தவறினால் அடுத்த தடவை எழுதலாம், பைலட் பிரிவுக்கு 24 வயது வரை. தேறினால் டேராடூன், மைசூரு, காந்திநகர், வாரணாசி மாதிரி ஏதோ ஒரு ஊரில் உள்ள தேர்வு வாரியத்துக்கு ஐந்து நாள் கூப்பிடுவார்கள். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், நேர்காணல் இருக்கும், கட்டையும் கயிறும் கொடுத்துக் குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். முதல் நாளே நிறையப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். கடைசியில் வாரியம் தேர்ந்தெடுத்தால் அதுதான் ‘ரெக்கமண்ட்’. இதில் தவறினாலும் திரும்ப வரலாம். நாலைந்து தடவை போய்த் தேறியவர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் வருவதுதான் சிபிஎஸ்எஸ், கணினி வழி பைலட் தேர்வு. முன்பு பிஏபிடி என்று இருந்த மெஷின் சோதனையின் இடத்தில் வந்தது. இது மட்டும் ஆயுளுக்கும் ஒரே ஒரு தடவைதான். என்டிஏ என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாக 18 வயதில் போனாலும் சரி, டிகிரி முடித்துப் போனாலும் சரி, ஒரு தடவை தவறிவிட்டால் விமானப்படையில் விமானம் ஓட்டும் கதவு அன்றோடு மூடிக்கொள்ளும்.

அந்த மெஷினில் என்ன இருக்கும்? பழைய பிஏபிடியில் ஒரு திரை, கையில் ஒரு ஸ்டிக், காலடியில் இரண்டு பெடல். திரையில் ஓடிக்கொண்டே இருக்கும் புள்ளியை நடுவில் நிறுத்த வேண்டும். மேலே கீழே கொண்டுபோக ஸ்டிக், இடம் வலத்துக்குப் பெடல். இதற்கு நடுவில் விளக்கு எரியும், அதைக் கையால் அணைக்க வேண்டும். சத்தம் வரும், அதையும் நிறுத்த வேண்டும். புள்ளி நிற்காது. கையும் காலும் கண்ணும் காதும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். இப்போது கணினிக்கு மாறியிருந்தாலும் அடிப்படை அதேதான்.

இப்படி ஒரு சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படை ஒரு காரியம் செய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து, மதிப்பெண்ணைப் பார்க்காமல், பாஸ் ஃபெயில் எல்லோரையும் பைலட் பயிற்சிக்கு அனுப்பியது. 1 முதல் 9 வரையிலான அளவுகோலில் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சியில் தோற்றார்கள், மேலே இருந்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். மதிப்பெண்ணுக்கும் பயிற்சியில் தேறுவதற்கும் இருந்த ஒட்டுறவு 0.64 (இரண்டும் முழுசாகப் பொருந்தினால் 1, சம்பந்தமே இல்லையென்றால் 0). மனிதர்களை அளக்கும் சோதனைக்கு அது பெரிய எண். ஆக, மெஷின் பொய் சொல்வதில்லை.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு பாதியும் உண்டு. 1949இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் தார்ன்டைக் அதை எழுதினார். அந்த 1036 பேரில், பின்னால் வந்த கடுமையான விதிப்படி தேறியிருக்கக்கூடிய 136 பேரை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த 0.64 வெறும் 0.18 ஆகிவிடுகிறது. அதாவது, துளியும் ஒத்துவராதவரையும் நன்றாக வருகிறவரையும் பிரித்துக்காட்டத்தான் இது கெட்டி. கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறவர்களில் யார் உசத்தி என்று கேட்டால் தடுமாறுகிறது. எந்த அளவுகோலிலும் கொஞ்சம் பிழை இருக்கும், அந்தப் பிழை அதிகம் காயப்படுத்துவது கோட்டுக்கு ஒட்டினாற்போல் நிற்பவனைத்தான். அவனிடம் போய், ஒரு நாளில் வந்த ஒரு எண்ணை வைத்து, ஆயுளுக்கும் வராதே என்று சொல்வதை என் மனசு ஏற்கவில்லை. அவனுக்கோ எவ்வளவில் தவறினான் என்பது கூடத் தெரியாது.

“திரும்பத் திரும்ப வைத்தால் எல்லோரும் பழகிவிடுவார்கள், உள்ளே இருக்கும் திறமை தெரியாது” என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் பழகுவதற்கு இப்போது மட்டும் யாருக்கு வழியில்லை? காசு உள்ளவனுக்கு இருக்கிறது. பெரிய பயிற்சி மையங்களில் அதே மாதிரி ஸ்டிக், பெடல் எல்லாம் பூட்டிய மெஷின் இருக்கிறது, பணம் கட்டினால் மணிக்கணக்கில் உட்காரலாம். வீட்டில் ஜாய்ஸ்டிக் வாங்கி சிமுலேட்டர் விளையாடும் பையனும் பழகிவிட்டுத்தான் போகிறான். எனக்குப் போன் பண்ணிய பையனின் அம்மா தையல்காரர். அவன் வாழ்க்கையில் கால் வைத்து மிதித்த ஒரே பெடல் அந்தத் தையல் மெஷினுடையது. அங்கே விளக்கம் சொல்லித்தான் உட்காரவைத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டான். “இடது பெடல் அமுக்குனா எந்தப் பக்கம் போகும்னு யோசிச்சு யோசிச்சு அமுக்குனேன் சார், யோசிக்காம வர ஆரம்பிச்சப்ப முடிஞ்சிருச்சு” என்றான். ஒரே தடவை என்ற விதி பழக்கத்தைத் தடுக்கவில்லை, பழக வழியில்லாதவனைத்தான் தடுக்கிறது.

அமெரிக்கக் கடற்படையின் விமானத் தேர்வை ஆயுளில் மூன்று தடவை எழுதலாம். அவர்கள் தரைப்படையின் ஹெலிகாப்டர் தேர்வில் 40 மதிப்பெண் வரவில்லையென்றால் இரண்டாவது வாய்ப்பு ஒன்று தருகிறார்கள். அதனால் அவர்கள் விமானங்கள் ஒன்றும் விழுந்துவிடவில்லை.

கலாம் விமானப்படையில் சேர டேராடூன் போன கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 25 பேரில் 9வது இடம், வேலை 8 பேருக்குத்தான். அதே கலாம் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்தபோது யோசித்ததுதான் இந்த சிபிஎஸ்எஸ். 8க்கும் 9க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரிந்திருக்கும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சோதனைக்கு முந்தின நாள் எல்லோரையும் அந்த மெஷினில் ஒரே அளவு நேரம் பழகவிடுங்கள், இரண்டு மணி நேரமாவது. மதிப்பெண்ணை அவனவனுக்குச் சொல்லுங்கள். நூலிழையில் தவறியவனுக்கு ஒரு வருஷம் கழித்து இன்னொரு தடவை கொடுங்கள், அதிலும் போனால் சரி, போகட்டும்.

விதி மாறும்போது மாறட்டும். அதுவரைக்கும், இதைப் படிப்பவர்களில் யாராவது இந்த மெஷின் வைத்துப் பயிற்சி மையம் நடத்தினால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். இந்த வருஷம் என்னிடம் நான்கு பேர் படிக்கிறார்கள், அதில் ஒருத்தி பொண்ணு. பஸ் செலவு என்னுடையது, காலையில் முதல் பஸ்ஸுக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன்.