மீராபாய்க்குத் தங்கம் கைமாறியதா?

டோக்கியோ ஒலிம்பிக் பளுதூக்குதலில் முதலிடம் பிடித்த சீனாவின் ஹூ ஷிஹுய் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டார், தங்கம் வெள்ளி வென்ற மீராபாய் சானுவுக்கு வரப்போகிறது என்று 2021 ஜூலையில் பரவிய செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது உண்மையில்லை. பதக்கம் வென்றவர்களைச் சோதிப்பது வழக்கமான நடைமுறைதான். ஹூவின் தங்கம் பறிக்கப்படவில்லை. 2024 பாரிஸிலும் அவரே வென்றார்.

'கடைசித் தூக்கில் 117 கிலோவைத் தூக்கியிருந்தால் தங்கம்' என்பதும் தவறு. 49 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் (ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்குவது) மீராபாய் 87 கிலோ, ஹூ 94. அங்கேயே 7 கிலோ இடைவெளி! கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோள்வரை, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) மீராபாய் 115 தூக்கினார். இரண்டின் கூட்டுத்தொகைதான் முடிவு. ஹூ 116 தூக்கி மொத்தம் 210-ல் நின்றார். அப்புறம்தான் மீராபாயின் 117 முயற்சி. அது கைகூடியிருந்தாலும் 204தான். ஹூவின் 210-ஐத் தாண்டித் தங்கம் வெல்ல 124 வேண்டும். அப்போதைய உலக சாதனையே 119, அதுவும் மீராபாயுடையது. மூன்றாம் இடத்து இந்தோனேசிய வீராங்கனையின் மொத்தம் 194, ஆக வெள்ளி ஏற்கெனவே உறுதி. அந்த நிலையில் 117 கேட்டதில் இழக்க ஒன்றுமில்லை. பயிற்சியாளர் விஜய் சர்மாவைத் திட்டுவது வீண்.