மைனிக்கு இன்னும் 30 பெட்டி பாக்கி

வைகாசி விசாகத்துக்கு உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலில் கடல் மண் சுமப்பதாக எங்கள் மைனி நேர்ந்திருந்தார். கணக்கு 41 ஓலைப்பெட்டி. 11 முடிந்து மூச்சு வாங்கும்போது எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். உடனே தங்கச்சி மகன், "அத்தை, அது கதிர்வீச்சு மண்ணு, தலையில வச்சிட்டு நிக்கீங்களே!" என்று எழுதிவிட்டான். மைனி அதோடு பெட்டியை வைத்துவிட்டார்.

பயல் சொன்னது பொய்யில்லை. மலைப்பாறை தேய்ந்து ஆற்றோடு கடலுக்கு வந்த மணல் இது. லேசான மணலை அலை இழுத்துக்கொள்ளும், கனத்த கருமணல் கரையில் தங்கும். அதில் இல்மனைட், கார்னெட் என்ற தாதுக்களோடு கொஞ்சம் மோனசைட்டும் உண்டு. மோனசைட்டுக்குள் தோரியம் என்ற கதிர்வீசும் உலோகம். கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸ் மேண்டில் பளீரென்று எரிந்ததும் இதே தோரியத்தால்தான். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அந்தக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளியில் சில இடங்களில் கதிர்வீச்சு ஆண்டுக்கு 70 மில்லிகிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை போகும். அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். இந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக 2009-ல் வந்த அந்த ஆய்வு காட்டவில்லை. மைனி சுமந்ததோ ஒரு மணி நேரம். மோனசைட் தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் இந்த மண்ணில் வளரும் முருங்கைக்குள்ளும் தோரியம் அவ்வளவாக ஏறாது. நம் உடம்புப் பொட்டாசியத்திலேயே கதிரியக்கம் கொஞ்சம் இருக்கிறது.

என் எரிச்சல் வேறு. இதே சங்கதியை எடுத்துக்கொண்டு "எல்லாம் இயற்கைதானே" என்று மேடையில் பேசுகிறார்களே, அது. கார்னெட்டையும் இல்மனைட்டையும் பிரித்து விற்றபின் மிஞ்சும் குவியலில் மோனசைட் செறிந்துவிடும். கரை முழுக்கச் சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் கூட்டியது அலையா, ஆளா? அந்தத் தூசி காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போனால் உள்ளேயே உட்கார்ந்து கதிர் வீசும். வெளியிலிருந்து படுவதும் இதுவும் ஒன்றல்ல. தாது மணல் அள்ள 2013-ல் அரசு தடை போட்டது, சரி. குவியலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அளவு என்ன என்று ஊர் ஊராக அளந்து, பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதிப் போடட்டும்.

கூடங்குளத்துக்கும் இதே சமாதானம் சொல்வார்கள். உலையில் உண்டாகும் அயோடின்-131 தைராய்டில் போய்ச் சேரும் சாமான். உவரி மண் எந்தக் காலத்திலும் அதை யாருக்கும் கொடுத்ததில்லை.

நேற்று மைனி போனில், "அப்போ மீதிய சுமக்கட்டா?" என்றார். "சுமங்க மைனி, பெட்டி எங்க வீட்டுப் பரண்லதான் கெடக்கு" என்றேன்.