ஒரே கதையை எல்லோரும் எழுத வேண்டாம்

பத்துப் பேர் சேர்ந்தால் கதை உருப்படாது என்று எழுதுகிற நண்பர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. எப்படிச் சேர்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் கிடைத்துவிட்டன.

முதலாவது, இங்கிலாந்தில் பெங்குவின் பதிப்பகமும் லெஸ்டர் நகரின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய விக்கி நாவல். பிப்ரவரியில் திறந்து மார்ச்சில் மூடினார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து எந்த வரியையும் மாற்றலாம், அழிக்கலாம். ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஒரு ஆசாமி கதை நெடுக வாழைப்பழங்களைச் செருகிக்கொண்டே போனார். பெரிய பதிப்பகம், பல்கலைக்கழகம், நல்ல மனசோடு வந்த அத்தனை பேர் என்று எல்லாம் இருந்தும் படிக்கும்படியான நாவல் ஒன்று அதிலிருந்து வரவில்லை.

இரண்டாவது, அதே ஆண்டு ஃபோர்சான் என்ற, பெயர் சொல்லாமலே யாரும் எழுதக்கூடிய இணைய அரட்டைத் தளத்தில் ஒருவர் சின்னதாக ஒரு பதிவு போட்டார். தலைப்பு எஸ்சிபி-173. கதை மாதிரியே இருக்காது, அலுவலகக் கோப்பில் இருந்து எடுத்த ஒரு தாள் மாதிரி இருக்கும். கான்கிரீட்டும் கம்பியும் கொண்டு செய்த ஒரு சிலை. யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்வரை அசையாது. பார்வை விலகினால் கழுத்தை முறித்துவிடும். அறைக்குள் போவதென்றால் மூன்று பேராவது போக வேண்டும், கதவு மறுபடி பூட்டப்படும்வரை இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கண் சிமிட்டுவதற்கு முன் மற்றவரிடம் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். யார் செத்தார்கள், யார் அழுதார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தக் கண் சிமிட்டும் விதியைப் படித்ததும் நமக்கே கண் உறுத்த ஆரம்பிக்கும். பயமுறுத்துகிறோம் என்று சொல்லாமலே பயமுறுத்துவது இதுதான்.

அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். 2008-இல் தனி விக்கியே வந்துவிட்டது. இப்படிப்பட்ட விசித்திரப் பொருள்களைப் பிடித்து அடைத்து வைக்கும் ரகசிய அமைப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கோப்பு எழுதினார்கள். அந்த ரகசிய அமைப்பின் பெயர்தான் எஸ்சிபி ஃபவுண்டேஷன், விக்கியையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். இன்று அதில் 7,000-க்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. ரஷ்ய, கொரிய, ஜப்பானிய, பிரெஞ்சு மொழிகளில் தனித்தனிக் கிளைகள் இருக்கின்றன.

பெங்குவின் நாவல் ஏன் விழுந்தது, எஸ்சிபி ஏன் நின்றது? என் கணிப்பில் எஸ்சிபியில் ஒருவர் வரியில் இன்னொருவர் கை வைப்பதில்லை. உலகம் பொது, கோப்பு எழுதியவருடையது. நான் எழுதியது பிடிக்கவில்லையா, நீங்கள் வேறொன்று எழுதுங்கள். எஸ்சிபி-001 என்ற எண்ணையே பாருங்கள். முதல் எண் என்பதால் எல்லோருக்கும் அதன் மேல் கண். பலர் எழுதினார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கதைகள். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லாமல் எல்லாவற்றையும் அதே எண்ணின் கீழ் வைத்துவிட்டார்கள். வியாசர் சொல்லாத அல்லியை மதுரையில் அரசாள வைத்து அர்ச்சுனனுக்குக் கட்டிவைத்த நமக்கு இது புரியாத விஷயமா என்ன?

அதற்காக எதை எழுதினாலும் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். வாசகர்கள் கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று வாக்குப் போடுகிறார்கள். மொத்தம் மைனஸ் 10-க்கு இறங்கிவிட்டால் கோப்பு நீக்கப்படலாம். இது கொடுமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது மரியாதையாகவே படுகிறது. சும்மா "அருமை, தொடருங்கள்" என்று போட்டுவிட்டுப் போகாமல், முழுக்கப் படித்துவிட்டு "இது சரியில்லை" என்று சொல்ல ஒருவர் நேரம் ஒதுக்குகிறாரே.

இதில் என் மனதைத் தொட்டது 2022 பிப்ரவரியில் நடந்தது. 173-இன் புகழில் பாதி அதனுடன் வந்த புகைப்படத்துக்குத்தான். உண்மையில் அது இசுமி காட்டோ என்ற ஜப்பானியக் கலைஞர் 2004-இல் செய்த சிற்பம். அவர் அதைப் பேய்க்கதைக்காகச் செய்யவில்லை. அவரிடம் கேட்காமல் பதிவில் எடுத்துப் போட்ட படம் அது. வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். ஆனால் தளத்தின் எழுத்துகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை. யாரும் எடுத்து விற்கக்கூட அனுமதி உண்டு, எழுதியவர் பெயரைச் சொல்லி, அதை வைத்துச் செய்ததையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், அவ்வளவே. படத்துக்கும் உரிமத்துக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் படத்தையே எடுத்துவிட்டார்கள். மாற்றுப் படமும் வைக்கவில்லை. சம்பளம் வாங்காத, ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத ஆட்கள், தங்கள் உலகத்தின் முகமாக இருந்த ஒன்றை இன்னொரு கலைஞருக்காக விட்டுக்கொடுத்தார்கள். லாபத்துக்கு நடக்கும் எத்தனை இடங்களில் இதைப் பார்த்திருக்கிறோம்?

இந்த உரிமத்தால் எழுதுகிறவருக்கு இழப்பும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்து பேர் வாங்கிய ஒரு தொடரை 2025-இல் பெரிய பதிப்பகம் புத்தகமாக வெளியிட்டபோது, எஸ்சிபி சம்பந்தப்பட்டதையெல்லாம் நீக்கி மாற்றி எழுத வேண்டியிருந்தது. பொதுவில் விளைந்ததைத் தனியாளாக வேலி போட்டு விற்க முடியாது. ஆனால் அதே வேலியில்லாத தன்மையால்தான் 2012-இல் ஒருவர் யாரிடமும் போய் நிற்காமல் 173-ஐ வைத்து இலவச வீடியோ கேம் செய்ய முடிந்தது. அந்த விளையாட்டு வழியாகக் கதைக்குள் வந்தவர்கள் ஏராளம். ரஷ்யாவில் ஒருவர் எஸ்சிபி பெயரைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டபோது, எழுதுகிறவர்களும் வாசகர்களும் காசு திரட்டிச் சட்டப்படி எதிர்த்தார்கள். தங்களுடையது என்று நினைக்காத ஒன்றுக்கு யார் தன் பையில் கை விடுவார்கள்?

தமிழில் இப்படி ஒன்று வர வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. பேய் பிசாசாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு கற்பனைத் தாலுகா அலுவலகத்தின் பழைய கோப்புகளாக இருக்கலாம், ஓடாமல் நின்றுபோன ஒரு ரயில் பாதையின் நிலையங்களாக இருக்கலாம். ஒருவர் ஒரு பக்கம் எழுதினால் போதும். எழுத வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். உரிமத்தை முதல் நாளே பேசி முடித்துவிடுவோம், படம் போடுவதென்றால் எடுத்தவரிடம் கேட்டுவிட்டே போடுவோம்.