அந்த இடையிசையை எங்கே கொண்டுபோய்க் கொட்டினீர்கள்?

பழைய பாட்டை எடுத்துத் தாளத்தையும் வேகத்தையும் மாற்றி ரீமிக்ஸ் போடுகிற இந்த டிஜேக்களுக்கு, பாட்டுக்கு நடுவே தன் பெயரைக் கத்தும் உரிமையை யார் கொடுத்தது? பல்லவியின் முதல் வரி முடிவதற்குள் ஒரு கரகரத்த குரல் எதிரொலியோடு தன் பெயரையும் ஊரையும் முழங்குகிறது. சரணம் வந்தால் மறுபடியும் முழங்குகிறது. பாடகி மூச்சு வாங்கும் அந்த நொடி இடைவெளியைக்கூட விட்டுவைப்பதில்லை. மெட்டுப் போட்டவர், வரி எழுதியவர், பாடியவர், வயலினும் புல்லாங்குழலும் வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர், இத்தனை பேரில் ஒருவர்கூடத் தன் பெயரைப் பாட்டுக்குள் சொல்லிக்கொண்டதில்லை. கம்ப்யூட்டரில் நாலு 'டும் டும்' சேர்த்தவருக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?

ரீமிக்ஸ் என்றாலே மூக்கைச் சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். டிஸ்கோ, ஹவுஸ், டெக்னோ என்று ஆட்ட இசை வகைகளைத் தேடித் தேடிக் கேட்கிறவன். அந்தக் கூட்டத்தோடு ரீமிக்ஸுக்காக மல்லுக்கட்டியவன். அதனால்தான் வயிறு எரிகிறது.

மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. தனியார் பஸ். தலைக்கு மேலே வரிசையாக ஸ்பீக்கர்கள், கடைசி இருக்கைக்கு அடியில் ஊஃபர். என் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரின் மூடியில் ஒரு திருகாணி கழன்றிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்த மூடி தனியாக ஒரு தாளம் போட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காளவாசல் தாண்டியதும் பென்டிரைவில் அந்தப் பாட்டு வந்தது. இளையராஜாவின் 80-களின் மெல்லிசை. பெயரைச் சொல்லி இன்னொரு முறை அதை அவமானப்படுத்த மாட்டேன். மூலத்தில் கிட்டார் தனியாகத் தொடங்கும், அடித்தொனியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் மெல்ல வந்து சேரும், அதன் பிறகுதான் தபலா. இங்கே முதலில் போலீஸ் சைரன். அடுத்து கண்ணாடி உடைகிற சத்தம். அடுத்து பெயர் முழக்கம்.

அதற்குப் பிறகுதான் பல்லவி. வேகத்தைக் கண்டபடி கூட்டியதில் ஜானகியம்மாவின் குரல் கீச்சென்று ஆகிவிட்டது. பேஸ் கிட்டாரைக் காணவே காணோம். ராஜாவின் அந்தக் காலத்துப் பாட்டுகளில் பேஸ் வெறும் துணைக்கு நிற்பதில்லை, அடியில் தனியாக இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். கால் ஆடுவதே அதற்குத்தான். அதைத் துடைத்தெறிந்துவிட்டு ஒரே சீரான இடியை வைத்தவர், ஆடுவதற்கு ஏற்றபடி மாற்றினேன் என்கிறார். கறி விருந்துக்கு அழைத்து, கறியை மட்டும் எடுத்துவிட்டுச் சோற்றைக் குவிக்கிற வேலை இது.

பல்லவி போனால் போகிறது, சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையாவது மிஞ்சியிருக்கும் என்று காத்திருந்தேன். அந்தப் பாட்டின் உயிரே முதல் இடையிசைதான். வயலின்கள் கூட்டமாக ஒரு கேள்வியை எழுப்பும், புல்லாங்குழல் ஒற்றையாகப் பதில் சொல்லும், இரண்டுக்கும் அடியில் பேஸ் படியிறங்கும். கண்ணை மூடினேன். கைத்தட்டல் ஒலி கேட்டது. தட்டல் இரட்டித்தது, மீண்டும் இரட்டித்தது, டிரம் உருண்டு உருண்டு ஏறியது, சட்டென்று நிசப்தம். சரி, இப்போது வயலின் வரும் என்று நினைத்தேன். பெயர் வந்தது! டிஜேயின் பெயர், ஊர், பிறகு இடி. வயலினும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை. முழு இடையிசையையும் வெட்டி எறிந்திருக்கிறார்கள். நாகமலை புதுக்கோட்டை வரை அந்த இடி ஓயவில்லை. இரண்டாவது இடையிசைக்கும் அதே கதி. அடுத்த பாட்டு வந்தது. அதே சைரன், அதே கைத்தட்டல், அதே நிசப்தம், அதே பெயர்.

கண்டக்டரிடம், "அண்ணே, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்றேன். "பாட்டுக்காகத்தானே சார் எல்லாரும் இந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள்" என்றார். அண்ணே, நானும் பாட்டைத்தானே கேட்கிறேன்! இத்தனைக்கும் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இருக்கிற மாவட்டத்துக்குப் போகிற பஸ் அது. அவர் ஊர்ப் பாதையிலேயே அவர் பாட்டுக்கு இந்த நிலைமை.

ரீமிக்ஸ் எதற்காகப் பிறந்தது என்று இவர்களில் யாராவது யோசித்திருப்பார்களா? 1970-களின் தொடக்கத்தில் டாம் மோல்டன் என்ற அமெரிக்கர் நியூயார்க் அருகே ஃபயர் ஐலண்டில் ஆடுபவர்களைக் கவனித்தார். உடம்பு சூடேறி ஆட்டம் பிடிபடும் நேரத்தில் மூன்று நிமிடப் பாட்டு முடிந்துவிடுகிறது, ஆடுபவர்கள் களத்தை விட்டு இறங்கிவிடுகிறார்கள். அவர் என்ன செய்தார்? பாட்டை நீட்டினார். எந்த இடத்தை நீட்டினார்? குரல் ஒதுங்கிக் கருவிகள் மட்டும் பேசுகிற இடத்தை! 1975-இல் வந்த டிஸ்கோ பாடகி குளோரியா கேய்னரின் ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுவதையும் மூன்று பாட்டுகள் இடைவெளியில்லாமல் ஓடும்படி இணைத்தார். 12 அங்குல இசைத்தட்டில் ஒரே பாட்டைப் பதிக்கும் வழக்கமும் அவர் வேலையிலிருந்துதான் வந்தது. தட்டில் ஊசி ஓடும் பள்ளங்கள் அகலமாக விழுந்ததால் பேஸ் இன்னும் கனமாக ஒலித்தது. ரீமிக்ஸின் தகப்பன் எந்த இடத்துக்காக உயிரைக் கொடுத்து உழைத்தாரோ அந்த இடத்தைத்தான் இவர்கள் முதலில் கத்தரிக்கிறார்கள்.

அமெரிக்கப் பாடகி டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' 1977-இல் வந்தது. இசையமைப்பாளர் ஜியார்ஜியோ மொரோடர் மூக் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியை ஓடவிட்டு எழுப்பிய பாட்டு. அதை சான் பிரான்சிஸ்கோவின் இசைக் கலைஞர் பேட்ரிக் கௌலி ஏறக்குறைய 15 நிமிடமாக விரித்தார். நடுவில் சிந்தசைசர் தனியாக அலைந்து திரிந்து திரும்பி வரும், ஒரு நொடிகூட அலுக்காது. எனக்கு இன்றுவரை ரீமிக்ஸ்களின் உச்சம் அதுதான். இதில் யாரோடும் சமரசம் இல்லை.

வேகத்தைக் கூட்டுவதும் குற்றமல்ல. ஆஷா போஸ்லேயைப் போற்றி பிரிட்டனின் கார்னர்ஷாப் குழு 1997-இல் வெளியிட்ட பாட்டை டிஜே நார்மன் குக் வேகமாக்கினார். அது 1998-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மூலத்தில் இருந்த சந்தோஷத்தைத்தான் அவர் பெருக்கினார். எவ்ரிதிங் பட் த கேர்ள் குழுவின் 'மிஸ்ஸிங்' பாட்டுக்கு அமெரிக்க டிஜே டாட் டெரி ஹவுஸ் தாளம் போட்டார். பாடகி டிரேசி தார்னின் குரலிலுள்ள துக்கத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கால் ஆடுகிறது, மனம் கனக்கிறது. அது கைவேலை.

வெள்ளைக்காரன் கதை நமக்கு எதற்கு என்று யாராவது ஆரம்பித்தால், சரண்ஜித் சிங்கைக் கேட்டுவிட்டு வரட்டும். மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-இல் ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பேஸ் இயந்திரம், ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஆல்பமாக்கினார். அதே டிபி-303-இன் குமிழ்களை முறுக்கி சிகாகோக்காரர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசைத் தட்டை வெளியிட்டது 1987-இல். 2010-இல் சரண்ஜித்தின் ஆல்பம் மறுபடி வெளிவந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இயந்திரத் தாளம் அடியில் மாறாமல் ஓடுகிறது, மேலே ராகம் தன் பிடிகளை ஒன்றையும் இழக்காமல் நடக்கிறது. இது நம் நாட்டிலேயே நடந்த காரியம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கம் ஏதாவது ஒரு கோயில் கொடையில் உருமி வாசிப்பவரின் பக்கத்தில் போய் நில்லுங்கள். வளைந்த குச்சியை ஒரு பக்கத் தோலில் அழுத்தித் தேய்த்து அந்த உறுமலை எழுப்புவார், மறு கை மெல்லிய குச்சியால் அடுத்த தோலில் அடிக்கும். சாமியாடியின் கால் தளர்ந்தால் அவர் அடியைக் குறைத்து உறுமலை மட்டும் நீட்டுவார். முகத்தைப் பார்த்து, நேரம் பார்த்து, பிறகுதான் வேகத்தை ஏற்றுவார். ஆடுகிறவனைப் பார்த்து வாசிக்கிற வித்தை இந்த மண்ணில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு, பாட்டுக்கு எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இளைஞர்களுக்கு இதுதான் பிடிக்கிறது" என்ற பதிலையும் சொல்லாதீர்கள். அந்த பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். ஒருவர் தலைகூட அசையவில்லை. பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தப்பித்தார்கள்.

நானும் மாட்டியிருப்பேன். பையில் நல்ல இயர்போன் இருந்தது. ஆனால் புதிதாக வாங்கிய ஃபோனில் அதைச் செருகத் துளையே இல்லை! எந்தப் புண்ணியவான் எடுத்த முடிவு அது? நன்றாக இருந்த துளையை அடைத்துவிட்டு, அதற்கு ஒரு இணைப்பு வயரைத் தனியாக வாங்கச் சொல்கிறார்கள். டவுன்ஹால் ரோட்டில் ஒன்று வாங்கினேன், ஒரு மாதம் தாங்கவில்லை. கம்பி இல்லாத இயர்போன் வாங்கலாமே என்கிறார் கடைக்காரர். அதற்கும் சார்ஜ் போட வேண்டும். சார்ஜர் எங்கே? ஃபோன் பெட்டியில் அதையும் வைப்பதில்லை!