பழுதுபார்க்க வேண்டியதை ஏன் இடித்தீர்கள்?

கமர்சியல் சாலையில் இருந்த அந்தப் பழைய தகரக் கூரைக் கட்டடம் கடந்த வாரம் இடிக்கப்பட்டதைப் பற்றி உதகை நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். "சுவரெல்லாம் ஓதம், வேறு வழியில்லை" என்று சொல்லப்பட்ட காரணத்தைக் கேட்ட பிறகு பொறுக்க முடியவில்லை. ஓதம் ஏறினால் சுவரைப் பழுதுபார்க்க வேண்டும். இடிக்கக் கூடாது.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் அப்பா கடைவீதியில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு ஆண்டுகள் தையல் கடை வைத்திருந்தார். ஒரு கோடையில் கட்டட உரிமையாளர், நல்ல எண்ணத்துடன்தான், சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமெண்ட் பூசி பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையிலேயே சுவர் கசியத் தொடங்கியது. கம்பளித் துணிக் கட்டுகளில் பூஞ்சணம் பிடித்து, வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டுத் துணிக்கு அப்பா கைக்காசைக் கொடுக்க நேர்ந்தது. குன்னூரிலிருந்து வந்த வயதான கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஈரம் வெளியே போற வழியை அடைச்சுட்டீங்களே சாமி" என்றார். சுண்ணாம்பு, உள்ளே இறங்கிய ஈரத்தை வெயில் நாளில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே தேக்கி, உப்புப் பூத்து, செங்கல்லை உதிர வைக்கும். அவர் சிமெண்டைக் கொத்தி எடுத்து மீண்டும் சுண்ணாம்பு பூசினார். இரண்டு கோடையில் சுவர் காய்ந்தது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

நம் மலை ரயிலைப் பாருங்கள். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் வந்த தடம் அது. பல் சக்கரமும் பாலமும் ஓயாமல் பழுதுபார்க்கப்பட்டு, ரயில் ஓடிக்கொண்டே இருந்ததால்தான் 2005-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ரயிலுக்குச் செய்யத் தெரிந்ததைக் கடைவீதிக்குச் செய்யத் தெரியாதா?

"வெள்ளைக்காரன் கட்டியதற்கு ஏன் இந்த அழுகை?" என்று கேட்பீர்கள். இந்த ஊரை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் வருவதற்கு முன்பு இது தோடர் பழங்குடிகளின் எருமைகள் மேய்ந்த மண் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் கல் சுமந்தவர்கள் யார்? சுண்ணாம்பு குழைத்தவர்கள் யார்? புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்திரங்கள்கூட ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேறியவை. கடைவீதியில் நூறாண்டுக்கும் மேலாகக் கடை வைத்துப் பிழைத்தவர்கள் நம்மவர்கள். அது நம்முடையது.

"வண்டி நிறுத்த இடம் வேண்டாமா?" என்றும் கேட்பீர்கள். வண்டிகளை மலை தாங்கவில்லை என்பதால்தானே 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளிடம் இ-பாஸ் என்னும் இணைய அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள்? வண்டிக்காகக் கடைவீதியை இடித்துவிட்டால், வருகிறவர்கள் இறங்கி எதைப் பார்ப்பார்கள்? மக்கிய உத்திரம் ஆபத்து என்பது உண்மை, உத்திரத்தை மாற்றுங்கள். உரிமையாளருக்குச் செலவு கட்டுப்படியாகாது என்பவர்கள், இடித்துவிட்டுத் தட்டைத் தளம் போட்டுக் கட்டும் செலவையும் கணக்குப் பாருங்கள். சரிந்த தகரக் கூரையில் மழை நிற்காது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் தட்டைத் தளம் ஒழுகும், பிறகு அதன் மேலும் தகரம் போடுவார்கள். இதை ஊரில் எத்தனை மாடிகளில் பார்த்துவிட்டோம்!

அன்று மாலை நான் அங்கே நின்றேன். தேக்கு வாசல்நிலைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா இருந்திருந்தால் ஒன்றும் பேசியிருக்க மாட்டார். அந்த நிலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருப்பார். நானும் அதைத்தான் செய்தேன். மரம் உறுதியாக இருந்தது. ஒரு பூச்சி அரிப்புகூட இல்லை.

பக்கத்துக் கட்டடத்தின் சுவரிலும் இப்போது சிவப்பு மையில் குறியிட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாராவது அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தாரா என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.