மிளகாய்க்குப் பயப்படுகிறவர்கள் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை

நாலு நண்பர்கள் டிவி முன்னால் உட்கார்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சாப்பாட்டில்தான் வந்து நிற்கும். திரையில் ஒருத்தன் தட்டுத் தட்டாக விழுங்கிக்கொண்டிருந்தால் அடுத்த வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். "இதெல்லாம் ஒரு மேட்டராடா, நான் செய்வேன்." பக்கத்தில் இருக்கிறவன் விடுவானா? "எங்கே, செய் பார்ப்போம்!" அவ்வளவுதான், பந்தயம் ஆரம்பம்.

இந்த வாய்ச்சவடாலை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. அது இல்லாமல் நண்பர்கள் கூட்டம் ஏது? ஆனால் எது ஆபத்து, எது வெறும் பாவனை என்று நம் ஆட்கள் போடும் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. பார்க்கப் பயங்கரமாக இருப்பதற்கு நடுங்குகிறார்கள். "சும்மா தண்ணிதானே", "சும்மா தூள்தானே" என்று நினைப்பதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் மிளகாய். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான்.

காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவை 1912ல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் கொண்டுவந்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்துகொண்டே போவது, சுவைப்பவர்களுக்குக் காரம் தெரியாமல் போகும்வரை எத்தனை மடங்கு கலக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது, இதுதான் முறை. இப்போது அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. ஹலபேன்யோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரை. கரோலைனா ரீப்பர் 16 லட்சத்தைத் தாண்டும். 2023ல் கின்னஸ் சாதனையான பெப்பர் எக்ஸ் சராசரியாக 26,93,000. மிளகாய்க்குக் காரம் தரும் வேதிப்பொருளான கேப்சைசின் கலப்பில்லாமல் இருந்தால் சுமார் 1 கோடியே 60 லட்சம். அதனால் "மிளகாய்ப் பந்தயம்" என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி எந்த மிளகாய் என்பதுதான். இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்: மிளகாய்ப் பழமா, பிரித்தெடுத்த சாறு கலந்த சாஸா? பழத்தில் காரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. சாறு கலந்த சாஸில் அந்த எல்லையை முடிவு செய்கிறவர் தயாரிப்பாளர்.

கேப்சைசின் நாக்கைச் சுடுவதில்லை. சுமார் 43 டிகிரிக்கு மேலே போனால் "சுடுது" என்று மூளைக்குத் தகவல் அனுப்பும் ஓர் ஏற்பி நரம்பு முனையில் இருக்கிறது, பெயர் டிஆர்பிவி1. கேப்சைசின் அதில் போய் ஒட்டிக்கொண்டு பொய்த் தகவல் அனுப்ப வைக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தகவல் பொய் என்றாலும் உடம்பு அதை நம்பித்தான் வேலை செய்யும். வியர்வை, கண்ணீர், மூக்கு ஒழுகல், விக்கல், வாந்தி எல்லாமே நிஜம்.

காரம் விதையில் இருப்பதாகப் பலரும் விதையைத் தட்டிவிட்டு வீரம் காட்டுவார்கள். அது விதையைத் தாங்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. விதை வெறுமனே அதன்மீது உரசிக் காரமாகிறது. நுனியில் அந்தச் சதை குறைவு, காம்புப் பக்கம் அதிகம். நுனியைக் கடித்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்கிறவன் இன்னும் பந்தயத்துக்குள்ளேயே வரவில்லை.

கடித்த முதல் அரை நிமிடம் நம்பத் தகாதது. அதீதக் கார ரக மிளகாய்களில் காரம் மெதுவாக ஏறும். அந்த இடைவெளியில்தான் இரண்டாவது மிளகாய்க்குக் கை நீட்டுவார்கள். ஐந்து நிமிடமாவது பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும். வெறும் வயிற்றில் கூடவே கூடாது. வாயில் எரிச்சல் அடங்கி எல்லாரும் கலைந்த பிறகு வயிற்றைப் பிசையும் இரண்டாவது சுற்று ஒன்று உண்டு. வயிற்றில் ஏற்கெனவே ரொட்டி போல ஏதாவது இருந்தால் அது கொஞ்சம் மட்டுப்படும்.

தண்ணீர் குடித்தால் பிரயோஜனமில்லை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். கொழுப்பு நீக்காத குளிர்ந்த பால் நல்லது. பாலில் உள்ள கேசீன் புரதம் அதைப் பற்றி இழுத்துக்கொண்டு போகும். மடக்கென்று விழுங்காமல் அரை நிமிடம் வாயில் வைத்துச் சுழற்றித் துப்ப வேண்டும். கை கழுவும்போது முதலில் சோப்பு, பிறகுதான் தண்ணீர். கண்ணைக் கசக்குகிறவனுக்கு அன்றைய சாகசம் அங்கேயே முடிந்தது.

என்ன கெடலாம்? வாயை விட வாந்திதான் கவலைப்பட வேண்டிய விஷயம். கோஸ்ட் பெப்பர் என்ற அதீதக் கார மிளகாயின் கூழ் தடவிய பர்கரைச் சாப்பிட்டுவிட்டுக் கடுமையாக வாந்தி எடுத்த 47 வயது அமெரிக்கருக்கு உணவுக்குழாய் கிழிந்தது 2016ல் மருத்துவ இதழில் வெளியானது. கரோலைனா ரீப்பர் சாப்பிட்ட 34 வயதுக்காரருக்கு மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கி இடி இறங்கியது போலத் தலைவலி வந்தது 2018ல் பதிவானது. 2023ல் மாசசூசெட்ஸில் அதீதக் காரத்தூள் தடவிய ஒற்றைச் சிப்ஸ் சவாலைச் செய்த 14 வயதுச் சிறுவன் இறந்துபோனான். இதயம் பெரிதாகியிருந்ததும் பிறவியிலேயே ஒரு குறை இருந்ததும் பிரேதப் பரிசோதனையில்தான் வெளியே வந்தன. ஆஸ்துமா உள்ளவர், இதயக் கோளாறு உள்ளவர், சிறுவர்கள், இந்த மூன்று பேருக்கும் மிளகாய்ப் பந்தயமே கிடையாது. பேச்சே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன், மிளகாய் ஓரளவு நியாயஸ்தன். பெரும்பாலும் எச்சரித்துவிட்டுத்தான் அடிக்கும். தண்ணீர் அப்படி இல்லை.

"யார் அதிகமாகத் தண்ணி குடிக்கிறது" என்ற பந்தயத்தைக் குழந்தை விளையாட்டு என்று நினைக்கிறார்கள். சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடியது ஏறக்குறைய ஒரு லிட்டர். அதற்கு மேல் வேகமாக உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். இயல்பாக லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். அது சடாரென்று இறங்கினால் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து மூளை வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. தலைவலி, குமட்டல், உளறல், தள்ளாட்டம் என்று அறிகுறிகள் வரும். சுற்றியிருக்கிறவர்கள் கண்ணுக்கு இது போதை ஏறினவன் கூத்து போலத் தெரியும், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் நேரம் போகிறது.

2007 ஜனவரியில் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் ஒரு வானொலி நிலையம், சிறுநீர் கழிக்காமல் அதிகத் தண்ணீர் குடிப்பவருக்கு வீடியோ கேம் கருவி பரிசு என்று போட்டி வைத்தது. கலந்துகொண்ட 28 வயதுப் பெண், மூன்று பிள்ளைகளின் தாய், அன்றே இறந்தார். 2009ல் ஒரு கோடியே 65 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது ஜூரி. சிறுநீரை அடக்கியதால் உயிர் போனது என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். கொன்றது நீர்த்துப்போன சோடியம். இந்தப் பந்தயத்துக்குப் பாதுகாப்பான வடிவம் என்று ஒன்று இல்லவே இல்லை.

அடுத்து தூள். ஒரு மேசைக்கரண்டி பட்டைத்தூளை 60 விநாடியில் தண்ணீர் இல்லாமல் விழுங்கும் சவால் ஒரு காலத்தில் இணையம் முழுக்க ஓடியது. தூள் எச்சிலை உறிஞ்சி வாயை உலர்த்திவிடும், விழுங்கவே முடியாது. உடனே இருமல் வரும். இருமிய பிறகு இழுக்கும் மூச்சோடு தூள் நேராக நுரையீரலுக்குப் போகும். பட்டை மரப்பட்டைதானே, அதன் செல்லுலோஸ் இழைகள் அங்கே கரையாது, சிதையாது. அழற்சியைக் கிளப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எந்தத் தூளாக இருந்தாலும் சரி, உலர்ந்த பொடியை வாய் நிறையப் போடச் சொல்லும் நண்பனை அன்றைக்கு மட்டும் நண்பனாக எண்ண வேண்டாம்.

இதையே ஆறு உப்பு பிஸ்கட்டை ஒரு நிமிடத்தில் தண்ணீர் இல்லாமல் தின்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்க்கச் சுலபம், அனேகமாக எல்லாரும் தோற்பார்கள். எச்சில் போதாது, மாவு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்றொன்றாக மென்று தின்றால் பெரிய கெடுதல் இல்லை. தோற்றவன் முகம் மட்டும்தான் கெடும். இந்த மாதிரிப் பந்தயம் எனக்குப் பிடிக்கும். மார்ஷ்மெல்லோவை வாயில் அடைத்துக்கொண்டு பேசும் விளையாட்டு இதற்கு நேர் எதிர். மெத்தென்று இருக்கிறது, குழந்தைகள் தின்பது, அதனால் யாரும் யோசிப்பதில்லை. எச்சில் பட்டதும் அது பசையாகும். பேச மூச்சை இழுத்தால் தொண்டையில் போய் அடைத்து நிற்கும். அந்த விளையாட்டு உயிர்களைக் குடித்திருக்கிறது.

சரி, டிவி வீரர்களுக்கு வருவோம். 2001ல் ஜப்பானியரான டகேரு கோபயாஷி 12 நிமிடத்தில் 50 ஹாட் டாக் (பன்னுக்குள் நீளமான இறைச்சித் துண்டு வைத்தது) சாப்பிட்டார். அதற்கு முந்தைய சாதனை 25 சொச்சம். பெரிய வயிறு என்று நினைத்தால் தப்பு, அவர் ஒல்லியான ஆள். இறைச்சியை இரண்டாக ஒடித்துத் தனியாக, பன்னைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து தனியாக என்று வேலையையே பிரித்துப்போட்டார். அமெரிக்கரான ஜோயி செஸ்ட்நட் 2021ல் 10 நிமிடத்தில் 76, 2024 செப்டம்பரில் கோபயாஷியோடு நேருக்கு நேர் மோதியபோது 83. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007ல் ஒரு போட்டிச் சாப்பாட்டுக்காரரை எக்ஸ்ரே கருவி முன் உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக்கு வந்த சாதாரண ஆள் ஏழு ஹாட் டாக்கோடு போதும் என்று விட்டார். இவர் பத்து நிமிடத்தில் 36ஐ உள்ளே தள்ளினார். இரைப்பை சுருங்கி அரைக்கவே இல்லை, தொளதொளவென்று விரிந்து வயிற்றையே அடைத்துக்கொண்டு கிடந்தது. "போதும்" என்ற உணர்வை அடக்கி அடக்கிப் பழகியதன் விளைவு அது. வருடக்கணக்கில் இப்படிச் செய்தால் இரைப்பை திரும்பச் சுருங்காமலே போகலாம் என்று அந்த மருத்துவர்களே கவலைப்பட்டார்கள்.

திரையில் நமக்குத் தெரிவது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். மாதக்கணக்கான பயிற்சி, ஓரமாக நிற்கும் மருத்துவ உதவியாளர்கள், எடிட்டிங்கில் வெட்டி எறியப்பட்ட மணித்துளிகள், எதுவும் தெரியாது. 2008ல் தொடங்கிய மேன் வெர்சஸ் ஃபுட் என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியை நடத்தியவரே 2012ல் இந்தச் சாப்பாட்டுச் சவால்களை விட்டு விலகிவிட்டார். மிஷேல் லோட்டிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் 1978 முதல் 1980 வரை ஒரு செஸ்னா விமானத்தையே துண்டு துண்டாகத் தின்று தீர்த்தவர். அவருக்கு ஒத்துக்கொள்ளாதவை வாழைப்பழமும் அவித்த முட்டையும்! அந்த மனிதரைப் பார்த்து நாம் பந்தயம் கட்டுவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.

வாயால் நெருப்பு ஊதுவது, திரவ நைட்ரஜன் புகையோடு பானம் குடிப்பது, இரண்டும் வீட்டில் பேச்சோடு நிற்கட்டும். முதலாவதில் தீக்காயத்தை விட எரிபொருள் புரையேறி நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய கேடு. இரண்டாவதில் மைனஸ் 196 டிகிரி திரவம் வயிற்றுக்குள் போய் சுமார் 700 மடங்கு வாயுவாக விரியும். 2012ல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் அப்படிக் குடித்த 18 வயதுப் பெண்ணின் இரைப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே கொடூரமான பந்தயம், சத்தமே இல்லாத ஒன்று. 2010ல் சிட்னியில் நண்பர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு நத்தைப்பூச்சி (ஓடில்லாத நத்தை) ஊர்ந்து வந்தது. "தின்னட்டுமா?" என்றான் 19 வயதுப் பையன், தின்றுவிட்டான். அதிலிருந்த எலி நுரையீரல் புழு மூளைக்கு ஏறியது. 420 நாள் நினைவில்லாமல் கிடந்தான், கை கால் விழுந்தது, 2018ல் இறந்தான். வேகவைக்காத புழு பூச்சி நத்தை எதுவும் பந்தயப் பொருள் கிடையாது. டிவியில் தின்கிறார்களே என்றால், அங்கே தின்னக் கொடுப்பதைத் தோட்டத்திலிருந்து பொறுக்கி எடுத்து வருவதில்லை.

சாப்பாட்டுப் பந்தயம் எதுவாக இருந்தாலும் மூன்று கறாரான விதிகள். கடிகாரம் வேண்டாம், அந்தப் பிஸ்கட் பந்தயத்திலும்தான்; அவசரம்தான் அடைக்க வைக்கிறது. மது உள்ளே போயிருந்தால் பந்தயம் ரத்து, தொண்டையின் தற்காப்பு மந்தமாகியிருக்கும். "விட்டுட்டேன்" என்கிறவனைக் கேலி செய்யக் கூடாது.

தொண்டையில் அடைத்தவன் சத்தம் போட மாட்டான், அதுதான் அடையாளம். இருமிக்கொண்டிருந்தால் இருமட்டும், நாம் தொட வேண்டாம். சத்தம் நின்று கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஐந்து தட்டு. வரவில்லையா, பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நினைவு தப்பினால் மார்பை அழுத்தும் முதலுதவி. தண்ணீர் கொடுக்கக் கூடாது. கூச்சப்பட்டுப் பாத்ரூமுக்கு எழுந்து போகிறவனைத் தனியாக விடவே கூடாது.

சாகசம் இல்லாமல் பொழுது போகாது என்றால் வாய் நிறைய அடைப்பதை விட்டுக் கையில் காட்டலாம். சமையல் நிகழ்ச்சிகளில் ஒற்றைக் கையால் முட்டை உடைக்கிறார்களே, அதைச் செய்து பாருங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு பாதியைப் பிடிக்க வேண்டும், மற்ற விரல்கள் அடுத்த பாதியை உள்ளங்கையோடு அணைக்க வேண்டும். பாத்திரத்தின் விளிம்பில் தட்டினால் ஓடு உள்நோக்கி நொறுங்கிச் சில்லு விழும்; அதனால் முட்டையின் நடுப்பகுதி படும்படி சமதளத்தில் ஒரே தட்டு. விரிசல் கீழே பார்த்திருக்க, இரண்டு பாதியையும் விரலால் எதிரெதிராக விலக்க வேண்டும், நசுக்கக் கூடாது. முதல் சில முட்டைகள் கையோடு வழியும். அடியில் ஒரு அகலப் பாத்திரம் இருந்தால் எதுவும் வீணாகாது, ஓட்டைப் பொறுக்கிவிட்டு அப்படியே அடித்து ஆம்லெட் போடலாம்.