ஒலிநூல் பார்வையற்றோருக்கு மட்டுமா?
‘ஒலிநூலும் பிரெயிலும் முழுப் பார்வையற்றோருக்கு மட்டும்தான், அதற்கும் பதிப்பாளர் அனுமதி வேண்டும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. 2013-இல் மராகேஷ் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தம் வந்ததே இந்த அனுமதித் தொல்லையைத் தீர்க்கத்தான். 2016-இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதில் சேர்ந்த நாடுகளில், லாப நோக்கமில்லாத நூலகம் உரிமையாளரைக் கேட்காமலே நூலை ஒலிநூலாகவோ பிரெயிலாகவோ மாற்றித் தரலாம். (அதே வடிவம் கடையில் கிடைத்தால் வாங்கத்தான் வேண்டும் என்று சில நாடுகள் விதி வைத்திருக்கின்றன, அது வேறு.) டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் குறைபாடு) உள்ளவர்களும் இதில் அடக்கம். அப்புறம், கண் நன்றாகத் தெரிந்தும் கை நடுக்கத்தால் புத்தகத்தைப் பிடிக்கவோ பக்கம் புரட்டவோ முடியாதவர்களும்தான். நூலகத்தில் ஒலிநூல் வாங்கும்போது டெய்சி (DAISY) என்ற ஒலிநூல் வடிவத்தில் தரச் சொல்லுங்கள். வெறும் எம்பி3-யில் ஏழாம் அத்தியாயத்தைத் தேடி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெய்சியில் நேராக அங்கே தாவலாம்.